காலையில் மட்டும் பிடிக்காத கார்



திருவனந்தபுரம் பழவங்காடியிலிருந்து ஒரு சகோதரர் எழுதிய கேள்வி இம்மாதம் நம் முன் இருக்கிறது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக அந்நகரத்திற்குக் குடிபெயர்ந்த குடும்பம். இரவில் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட்டில் அடைத்து, விடியுமுன் சாலைக் கடைத்தெரு, கிழக்கேகோட்டை, தம்பானூர் பகுதிகளிலுள்ள கடைகளுக்கு மாருதி ஆம்னி வண்டியில் கொண்டுசென்று கொடுப்பது அவர்கள் தொழில். பெட்ரோல் வண்டி, கார்புரேட்டர் இல்லாத, இன்ஜெக்டர் வகையைச் சேர்ந்தது. அதிகாலை நாலரை மணிக்கு மட்டும் அது உடனே பிடிப்பதில்லை. நாலைந்து முறை செல்ஃப் அடித்த பிறகே எஞ்சின் ஓடத் தொடங்குகிறது. அதன்பின் நாள் முழுவதும் சாவியைத் தொட்டாலே போதும். குளிரினால் அப்படி இருக்கும் என்று சொல்லப்பட்டதால் முதலில் புதிய பேட்டரி போட்டார்கள், மாற்றமில்லை. பின்பு பிளக்குகளை மாற்றினார்கள். சில நாட்கள் நன்றாயிருந்து, மறுபடியும் பழைய நிலைமைக்கே வந்துவிட்டது. நேரம் தப்பிப்போனால் கடைக்காரர் வேறொருவரிடம் மாவு வாங்கிக்கொள்ளுகிறார். இனி எந்தப் பாகத்தை மாற்றவேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

இப்போதைக்கு எதையும் மாற்றவேண்டாம் என்பதே நமது பதில். குளிரினால் வண்டி பிடிக்கவில்லை என்பது டில்லியிலோ உதகமண்டலத்திலோ வசிப்பவருக்குப் போதுமான விளக்கமாகத் தோன்றலாம். திருவனந்தபுரத்திலோ ஜனவரி மாத விடியற்காலையிலும் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். 20 டிகிரியில் மனிதன் போர்வையைத் தேடலாம். எஞ்சினுக்கு அது குளிரே அல்ல. பூஜ்ஜியத்திற்கும் கீழே பல டிகிரி இறங்குகிற தேசங்களில் இதே வகையான பெட்ரோல் கார்கள் தினந்தோறும் காலையில் புறப்பட்டுப் போகின்றன. ஆகவே பழவங்காடியில் ஒரு வண்டி காலையில் மறுக்கிறதென்றால், குளிர் அந்தப் பழுதை உண்டாக்கவில்லை. பழுது ஏற்கெனவே வண்டிக்குள் இருக்கிறது. இரவு நேர ஓய்வு அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இரவு முழுவதும் நின்ற வண்டியில் என்னென்ன மாறுகிறது என்று யோசித்துப் பாருங்கள். 90 டிகிரி அளவில் இருந்த எஞ்சின் 25 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. குழாயில் அழுத்தத்தோடு நின்ற பெட்ரோல், வழி கிடைத்தால் டாங்கிற்கே திரும்பி வடிகிறது. அல்லது இன்ஜெக்டர் வழியாக எஞ்சினுக்குள் சொட்டுகிறது. காற்றிலுள்ள ஈரம் வயர்களின் மேல் படிகிறது. எங்காவது மின்கசிவு இருந்தால் பேட்டரி சிறிது சிறிதாக இறங்குகிறது. இவற்றில் எது உங்கள் வண்டியில் நடந்தது என்பதற்கான சாட்சி, காலையின் முதல் முயற்சியில், முதல் ஒரு நிமிஷத்தில் மாத்திரமே இருக்கிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியவுடன் அழுத்தம் ஏறிவிடுகிறது, ஈரம் காய்ந்துவிடுகிறது, சூடும் வந்துவிடுகிறது. பத்து மணிக்கு ஒர்க்‌ஷாப் திறக்கும்போது நீங்கள் ஓட்டிச்சென்று நிறுத்துகிற வண்டியில் பழுதின் சுவடே இராது. திறமையுள்ள மெக்கானிக்கும் அப்போது ஊகித்துத்தான் சொல்ல முடியும். ஊகத்தின் செலவோ உங்களுடையது. ஒன்று, முந்தின நாள் மாலையே வண்டியை அங்கே விட்டு, மறுநாள் காலை முதல் சாவியை மெக்கானிக்கே திருகும்படி கேளுங்கள். அல்லது நீங்களே சாட்சியாயிருந்து, கண்டதை ஒரு சிறு நோட்டில் எழுதிவையுங்கள்.

எழுதுவதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஒரு காலைக்கு ஒரே சோதனைதான். முதல் சோதனை செய்தவுடன் இரவின் நிலைமை கலைந்துபோகிறதால், அன்றைக்கு இரண்டாவது சோதனை செய்து பயனில்லை. ஒரு வாரம் பொறுமையாயிருக்கக் கூடுமானால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

முதலாம் காலையில் காதை மாத்திரம் பயன்படுத்துங்கள். சாவியைத் திருகும்போது செல்ஃப் மோட்டார் தளர்ந்து, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? அல்லது நாள் முழுவதும் சுற்றுகிற அதே வேகத்தில் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையா? இவை இரண்டும் இரண்டு வெவ்வேறு வியாதிகள். தளர்ந்து சுற்றினால் பேட்டரி, அதன் டெர்மினல், எர்த் வயர், செல்ஃப் மோட்டார் என்ற வட்டத்திற்குள் தேடவேண்டும். வேகமாய்ச் சுற்றியும் பிடிக்கவில்லையென்றால் பெட்ரோலையும் தீப்பொறியையும் எஞ்சினின் அழுத்தத்தையும் ஆராயவேண்டும். வேகமாய்ச் சுற்றுகிற வண்டிக்குப் புதுப் பேட்டரி வாங்குவது, பசியில்லாதவனுக்கு இன்னொரு இலை போடுவது போலாகும். பழவங்காடிச் சகோதரரின் கடிதத்தில் செல்ஃபின் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவரிடம் நாம் முதலாவது கேட்கவேண்டியது அதுவே.

தளர்ந்து சுற்றுகிறவர்களுக்குச் சில அளவுகளைச் சொல்லிவிடுகிறோம். சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். இரவெல்லாம் நின்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்கு வந்துவிட்டால் காலியாகும் நிலை. செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டிற்குக் கீழே விழக்கூடாது. விழுந்தால் உடனே பேட்டரியைக் குற்றப்படுத்தாதிருங்கள். முதலில் சார்ஜ் ஏற்றிப் பார்த்து, அதன் பின்பே தீர்மானியுங்கள். பேட்டரியின் நெகடிவ் முனைக்கும் எஞ்சின் இரும்புக்கும் மீட்டரை வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டிற்கு மேல் காட்டினால் எர்த் வயரோ அதன் நட்டோ துருப்பிடித்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினால் தீர்ந்துபோகிற இந்தக் காரியத்திற்காக எத்தனையோ வீடுகளில் புதிய பேட்டரி வாங்கப்படுகிறது.

செல்ஃப் வேகமாய்ச் சுற்றியும் பிடிக்காதவர்கள் இரண்டாம் காலையில் செய்யவேண்டியது இது. இன்ஜெக்டர் வண்டியில், டாங்கிற்குள்ளே இருக்கிற மின்பம்ப், பெட்ரோலைப் பெரும்பாலும் 3 பார் அளவு அழுத்தத்தில் அனுப்புகிறது. வண்டியை அணைத்த பிறகும் அந்த அழுத்தம் குறையாதபடி ஒரு சிறு வால்வு தடுத்து நிறுத்துகிறது. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால், பின்பக்கம் இரண்டு மூன்று விநாடிகள் மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது பம்ப் ஓடுகிற ஓசை. அது நின்றவுடன் சாவியை அணையுங்கள். மறுபடியும் ஆன் செய்து, ரீங்காரம் நிற்கும்வரை பொறுத்து, அணையுங்கள். மூன்றாம் முறை இப்படிச் செய்தபின் செல்ஃப் அடியுங்கள். நாலைந்து முறை அடம்பிடித்த வண்டி அன்றைக்கு முதல் முறையிலேயே பிடித்துக்கொண்டால், இரவில் பெட்ரோல் அழுத்தம் இறங்கிப்போகிறது என்பதற்கு அது பலத்த அடையாளம். ரீங்காரமே கேட்கவில்லையென்றால் பம்ப், ரிலே, பியூஸ் இவற்றைப் பார்க்கச் சொல்லவேண்டும்.

அழுத்தம் எங்கே போகிறது? இரண்டு வழிகள் உண்டு. வால்வு தேய்ந்து டாங்கிற்குத் திரும்பிப்போகலாம். இது எஞ்சினுக்குத் தீங்கில்லாதது, நமக்கு மாத்திரம் தொந்தரவு. இன்ஜெக்டர் மூடாமல் இரவெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கலாம், இது தீங்கானது. சொட்டிய பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவி, கீழே எஞ்சின் ஆயிலோடு கலந்துவிடும். டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாசனை வரும். சில வேளைகளில் ஆயிலின் அளவே ஏறியிருக்கும். புதிய பிளக் போட்டவுடன் சில நாட்கள் சுகமாயிருந்து மறுபடியும் கெட்டது என்று சகோதரர் எழுதியிருப்பது இந்தச் சந்தேகத்தையே நமக்கு எழுப்புகிறது. சுத்தமான பிளக் சிறிது ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும். கரி படிந்தபின் பொறுக்காது.

ஆகவே மூன்றாம் காலையில், ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள். பெரும்பாலான இன்ஜெக்டர் வண்டிகளில், இப்படி மிதித்திருந்தால் அதன் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடுவதை நிறுத்திக் காற்றை மாத்திரம் விடும். அப்போது உடனே பிடித்தால், பெட்ரோல் குறைவினால் அல்ல, மிகுதியினால்தான் வண்டி திணறியிருக்கிறது. பிடித்தவுடன் காலை எடுத்துவிடுங்கள். ஒரு பழுதுக்கு இல்லாமையும் மற்றொன்றுக்கு மிகுதியும் காரணமாயிருக்க, வெளியே தெரிகிற அறிகுறி ஒன்றாகவே இருக்கிறது. இதை அறியாமல் பம்ப்பை மாற்றினால் நோய் அப்படியே இருக்கும்.

இன்னொரு காலைக்கு உரியது எஞ்சின் தண்ணீரின் சூட்டை அளக்கிற சென்சர். எஞ்சின் ஆறியிருக்கிறதா, சூடாயிருக்கிறதா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுவே. ஆறிய எஞ்சினில் பெட்ரோல் முழுவதும் ஆவியாகாது. ஒரு பகுதி உலோகச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆகையால் தொடக்கத்தில் அதிகப் பெட்ரோல் தேவை. சென்சர் கெட்டு, ஆறிய எஞ்சினையும் சூடானதென்று சொன்னால், கம்ப்யூட்டர் அளவைக் குறைத்துவிடும். மதியத்தில் அந்தப் பொய் உண்மையோடு ஒத்துப்போகிறதால் தொந்தரவு தெரியாது. 2010-க்குப் பின் வந்த பல கார்களில் ஓ.பி.டி. துளையில் சிறு கருவியைச் செருகிச் செல்பேசியிலேயே இதைப் படிக்கலாம். விடியற்காலையில், முதல் தொடக்கத்திற்கு முன், எஞ்சின் தண்ணீரின் சூடும் உள்ளே இழுக்கும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாயிருக்கவேண்டும்; திருவனந்தபுரமானால் இரண்டும் 25-ஐ ஒட்டியே இருக்கும். ஒன்று 25 என்றும் மற்றொன்று 60 என்றும் காட்டினால் குற்றவாளி அகப்பட்டான். கருவி பொருந்தாத பழைய வண்டியில் சென்சரைக் கழற்றி ஓம் அளவு பார்க்கலாம். மாருதி வகை வண்டிகளில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரையிலும், 80 டிகிரியில் ஏறக்குறைய 300 ஓமும் இருக்கும். பேட்டரியோடு ஒப்பிட்டால் இது மலிவான பாகம்.

இனி மழையைப் பற்றி விசேஷமாய்ச் சொல்லவேண்டும். திருவனந்தபுரத்திற்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு. அங்கே துலாவர்ஷம் என்று சொல்லப்படுகிற வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அந்நகரத்தார் குளிர் என்று சொல்வது பெரும்பாலும் ஈரத்தையே. உங்கள் நோட்டில், வண்டி மறுத்த நாட்களுக்கு எதிரே மழை என்று எழுதியிருந்தால், பெட்ரோலை விட்டுவிட்டுத் தீப்பொறியை ஆராயுங்கள். பிளக்கிற்குப் போகிற தடித்த வயர்களில் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. வயரின் ரப்பர் வெடித்திருந்தால், உலர்ந்த நாளில் ஒழுங்காய்ப் போகிற மின்சாரம், ஈரமான நாளில் பக்கத்திலுள்ள இரும்புக்குத் தாவிவிடும். இதைக் காண இருட்டே நல்ல விளக்கு. விடியுமுன், விளக்குகளை அணைத்து, பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி நீங்கள் தள்ளி நின்று பாருங்கள். நீலப் பொறி எங்கே ஓடுகிறதோ அங்கேதான் பழுது. கையை உள்ளே நீட்டவேண்டாம். அரிசி மண்டிகளும் பலசரக்குக் கடைகளும் நிறைந்த பகுதியில் வண்டி நிற்குமானால் எலி கடித்த வயரையும் தேடுங்கள். நாம் நினைப்பதைவிட இது அதிகம்.

மழைத்தண்ணீர் தேங்குகிற இடமானால் எச்சரிக்கை இன்னும் கடுமையானது. தம்பானூரும் பழவங்காடியும் கிழக்கேகோட்டையும் பெருமழையில் நீர் தேங்குவதற்குப் பேர்போன பகுதிகள். 2015-இல் ஆபரேஷன் அனந்தா என்ற பெயரில் அங்குள்ள ஓடைகளின் ஆக்கிரமிப்புகளை அகற்றி நீர்வழிகளைத் திறக்க முயன்றார்கள். 2023 அக்டோபர் மழையிலும் அந்நகரத்தின் பல பகுதிகள் மூழ்கின. இரவில் வண்டியைச் சுற்றித் தண்ணீர் ஏர் ஃபில்டர் உயரத்திற்கு ஏறியிருக்கக்கூடும் என்ற சந்தேகம் இருந்தால், சாவியைத் தொடவே கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராட் வளைந்துபோகும். சிறு செலவில் முடியவேண்டியது எஞ்சினையே பிரித்து வேலைபார்க்கும் செலவாகிவிடும்.

டீசல் வண்டி வைத்திருப்போருக்குக் கண்தான் முதல் கருவி. காலையில் செல்ஃப் அடிக்கும்போது ஒருவர் பின்னால் நின்று புகைக்குழாயைப் பார்க்கட்டும். வெள்ளைப் புகை வந்தும் பிடிக்கவில்லையென்றால், டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். ஹீட்டர் பிளக்கையும் எஞ்சின் கம்ப்ரஷனையும் சந்தேகிக்கவேண்டும். புகையே இல்லையென்றால் டீசலே போகவில்லை. ஃபில்டருக்கு மேலுள்ள கைப்பம்ப்பைச் சில முறை அழுத்திவிட்டு அடித்தால் பிடிக்கிறதா? அப்படியானால் எங்கோ ஒரு குழாய் இணைப்பில் காற்று நுழைந்து, இரவில் டீசல் பின்னோக்கி வடிகிறது. டாடா இண்டிகா போன்ற பழைய டீசல் எஞ்சின்களில் டீசல் முதலில் ஒரு சிறு அறைக்குள் பீச்சப்பட்டு எரிகிறது. அந்த அறையின் குளிர்ந்த சுவர் சூட்டை உறிஞ்சிவிடுகிறதால், நம் ஊர் வெப்பத்திலும் அவற்றிற்கு ஹீட்டர் பிளக் அவசியம். டாஷ்போர்டில் சுருள் போன்ற விளக்கு அணையுமட்டும் பொறுத்திருந்தீர்களா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பது ஆபத்து. அது உள்ளேயே வெடித்து எஞ்சினை உடைத்துவிடக்கூடும்.

சமவெளியில் மறைந்திருந்த பலவீனம் மலையில் வெளிப்படுவதும் உண்டு. விடுமுறைக்குக் குடும்பத்தோடு மூணாறு போகிறீர்கள். ஜனவரியில் அங்கே உறைபனி விழுகிற இரவுகள் உண்டு. திருவனந்தபுரத்தில் தட்டுத்தடுமாறி ஒப்பேற்றிக்கொண்டிருந்த பேட்டரி அங்கே கைவிட்டுவிடும். பேட்டரியின் சக்தி குளிரில் குறையும். அதன் ஆயுளையோ நம் ஊர் வெயில் முன்னமே குறைத்துவிட்டிருக்கும். 20டபிள்யூ-50 போன்ற தடித்த ஆயிலும் அங்கே இன்னும் கெட்டியாகிச் செல்ஃபின் பாரத்தைக் கூட்டும். பயணத்திற்கு முன் மீட்டர் வைத்துப் பார்ப்பது நலம்.

எத்தனால் கலந்த பெட்ரோலினால்தான் இப்படியா என்று பலரும் கேட்கிறார்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. 2025-இல் அதுவே பொதுவாகிவிட்டது. எத்தனால் குளிரில் எளிதில் ஆவியாகாது என்பது மெய். பிரேசில் தேசத்தில் முழு எத்தனாலில் ஓடும் கார்களுக்கு, காலைத் தொடக்கத்திற்கென்றே தனியாக ஒரு சிறு பெட்ரோல் டாங்க் வைத்திருந்தார்கள். ஆனால் நம் வண்டியில் மீதி எண்பது சதவீதம் பெட்ரோலாயிருக்க, 25 டிகிரியில் அதன்மேல் பழிபோடுவது நியாயமாகத் தோன்றவில்லை. வேறு இரண்டு விதங்களில் அது தொந்தரவு தரலாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆகவே கால் டாங்க் பெட்ரோலோடு வாரக்கணக்காய் வண்டியை நிறுத்திவைக்கவேண்டாம். 1984-இல் மாருதி வேனாய் வந்து 2019-இல் உற்பத்தி நின்றுபோன ஆம்னி போன்ற பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களையும் அது கெடுக்கக்கூடும். சர்வீஸின்போது அவற்றை விரலால் அமுக்கிப் பார்த்து, வெடித்தவற்றை மாற்றச் சொல்லுங்கள்.

சோதனை செய்கிற நாட்களில் செல்ஃபை ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் அடிக்கவேண்டாம். அரை நிமிஷமாவது இடைவெளி கொடுங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்யும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைப் பாழாக்கும். பேட்டரியின் அருகே தீக்குச்சி கிழிக்கவே கூடாது. சார்ஜ் ஏறும்போது வெளிவருவது எரியும் வாயு.

கோட்டைப் பகுதியின் நெருக்கமான வீடுகளில், வண்டி நிற்கிற ஷெட்டும் பிள்ளைகள் படுத்திருக்கிற அறையும் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொள்வது உண்டு. ஆறிய எஞ்சின் முதல் சில நிமிஷங்களில்தான் கார்பன் மோனாக்ஸைடை மிகுதியாகக் கக்குகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்கள் அதை அறியமாட்டார்கள். சோதனைக்காக எத்தனை முறை சாவியைத் திருகினாலும், முதலில் ஷட்டரை முழுவதும் உயர்த்தி, வண்டியைக் கையால் தெருவுக்குத் தள்ளிவிட்டுத் திருகுங்கள்.